தரையை விடுங்கள், கையைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – சிஸ்டர் பதில்

மருத்துவமனைக்குப் போன இடத்தில் ஒட்டிக்கொள்ளும் தொற்றுகளைப் பற்றி வந்த கடிதங்களுக்கு, தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் இந்த இதழில் பதில் சொல்கிறார். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. எல்லாம் நல்லபடியாக முடிந்து, வீட்டுக்குக் கிளம்பலாம் என்று இருந்த நேரத்தில் குளிர் காய்ச்சல். "சிறுநீரில் தொற்று, இங்கே வந்ததுதான்" என்கிறார்கள். நோயைத் தீர்க்கப் போன இடத்தில் நோய் வருமா? யார் மேல் தவறு?

பதில்: வரும். வருவதோடு, நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, மருத்துவமனையில் சிகிச்சைக்காகச் சேரும் 100 நோயாளிகளில் வசதியான நாடுகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் இப்படி ஒரு தொற்றாவது வருகிறது. சேரும்போது உடம்பில் இல்லாமல், சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டுவதைத்தான் பொதுவாக இந்தக் கணக்கில் சேர்ப்போம்.

யார் மேல் தவறு என்று ஒரு கடிதத்தை வைத்து நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது: அம்மாவுக்குப் போட்ட சிறுநீர்க் குழாயை எப்போது எடுத்தார்கள்? நீளமான உங்கள் கடிதத்தில் அது மட்டும் இல்லை. பெரும்பாலான குடும்பங்கள் மருந்தின் பெயரைச் சொல்லிவிடும், ஸ்கேனில் என்ன இருந்தது என்று சொல்லிவிடும், குழாயைச் சொல்லாது. அது உடம்போடு சேர்ந்த ஒன்றாகவே கண்ணுக்குப் பழகிவிடுகிறது.

நடப்பது இதுதான். நம் குடலிலும் தோலிலும் குடியிருக்கும் கிருமிகள் அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவு செய்வதில்லை. சிறுநீர்ப் பைக்குள் ஒரு குழாய் போனதும் அவற்றுக்கு ஏணி கிடைத்துவிடுகிறது. குழாயின் உள்ளும் புறமும் வழவழப்பான ஒரு படலத்தை உண்டாக்கிக்கொண்டு மெல்ல மேலே ஏறுகின்றன. அந்தப் படலத்துக்குள் இருக்கும் கிருமியை மருந்தும் எளிதில் தொடுவதில்லை. குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். ஒரு நாளைக்குச் சிறியதாகத் தெரியும் இந்த எண்ணை ஒரு வாரத்துக்குக் கூட்டிப் பாருங்கள். கிருமி சேர்ந்த எல்லோருக்கும் நோய் வந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோ வலியோ இல்லாமல் பரிசோதனைச் சீட்டில் மட்டும் கிருமி தெரிந்தால், கர்ப்பிணிகள் போன்ற சிலரைத் தவிர, பெரும்பாலானவர்களுக்கு மருந்தே தேவைப்படாது. உங்கள் அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்தது, எனவே மருந்து தேவைப்பட்டது.

பிறகு ஏன் குழாயை எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள்? போட்டவர் ஒருவர், பார்த்துக்கொள்பவர் வேறொருவர், எடுக்கச் சொல்ல வேண்டியவர் மூன்றாமவர். அதோடு, கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கும், குழாய் இருந்தால் எல்லோருக்கும் சௌகரியம். நடு இரவில் பெட்பேன் வைக்க வேண்டாம், படுக்கை விரிப்பை மாற்ற வேண்டாம், கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துப் போக வேண்டாம். சில குடும்பங்களே, "இன்னும் ஒரு நாள் இருக்கட்டுமே சிஸ்டர்" என்று கெஞ்சும்.

ஆகவே தினமும் காலையில் டாக்டர் சுற்றி வரும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?" சிறுநீர்க் குழாய், கழுத்தில் போட்ட ஊசிக்குழாய், கையில் இருக்கும் கேனுலா, மூக்கு வழிக் குழாய் எல்லாவற்றுக்கும் இதே கேள்விதான். தேவை என்றால் ஏன் என்று சொல்வார்கள். சொல்லக் காரணம் இல்லை என்றால், அவர்களுக்கே அப்போது உறைக்கும்.

சிறுநீர்க் குழாய் இருந்தே தீர வேண்டிய நிலை என்றால், அதன் நுனியில் சிறுநீர் சேரும் பையைக் கவனியுங்கள். அது எப்போதும் நோயாளியின் சிறுநீர்ப் பையைவிடத் தாழ்ந்த நிலையில் தொங்க வேண்டும். தரையைத் தொடவும் கூடாது. எக்ஸ்ரேக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் இது தவறிப் போகும். தொங்கவிட இடம் தேடாமல் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேலோ கால்களுக்கு நடுவிலோ வைத்துவிடுவார்கள். பையில் தேங்கிக் கிடந்த சிறுநீர் குழாய் வழியாகத் திரும்பி உள்ளே ஓடும். பையைக் காலி செய்யும்போது அடியில் உள்ள வடிகுழாயின் நுனி, அளக்கும் ஜாடியின் விளிம்பைத் தொடக் கூடாது. ஒரே ஜாடியை எடுத்துக்கொண்டு நான்கு கட்டில்களுக்கும் போவதைப் பார்த்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் சேர்த்த மருத்துவமனையில் தரை கண்ணாடி போல் பளபளக்கிறது. மணிக்கொரு தரம் பினாயில் போட்டுத் துடைக்கிறார்கள். அங்கேயும் தொற்று வருமா?

பதில்: தரையைத் தொட்டுவிட்டு யாரும் உங்கள் புண்ணைத் தொடுவதில்லை. கட்டிலின் பக்கக் கம்பி, அழைப்பு மணியின் பொத்தான், சலைன் தொங்கும் கம்பம், ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் சுற்றும் பட்டை, கதவுப் பிடி, இப்போது கூடுதலாகக் கைப்பேசி: இவற்றைத் தொட்ட கைதான் அடுத்து நோயாளியைத் தொடுகிறது. உலர்ந்த பரப்பில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடிய கிருமிகள் உண்டு.

வாசனை எதற்கும் சான்றில்லை. கிருமிநாசினி வேலை செய்ய நேரம் வேண்டும். அதன் புட்டியில் எழுதியிருக்கும் நிமிடங்கள்வரை அந்தப் பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும். தெளித்த கையோடு துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் பளபளப்பு வரும், கிருமி பிழைத்துக்கொள்ளும். அழுக்கின் மேல் கிருமிநாசினியை ஊற்றுவதும் வீண். முதலில் அழுக்கு போக வேண்டும். கழிப்பறையைத் துடைத்த துணி கட்டிலுக்கு வரக் கூடாது. சுத்தமான இடத்தில் தொடங்கி அசுத்தமான இடத்தில் முடிப்பதுதான் முறை, மேலிருந்து கீழே வருவதுதான் முறை.

இதையெல்லாம் செய்பவர் ஒரு துப்புரவுப் பணியாளர். அவருக்கு எத்தனை மருத்துவமனைகள் முறையாகப் பயிற்சி கொடுக்கின்றன? நோயாளி வீட்டுக்குப் போனதும், "சீக்கிரம் கட்டிலைத் தயார் பண்ணு, அடுத்த ஆள் காத்திருக்கிறார்" என்று அவரை விரட்டுவதுதான் நான் அதிகம் கேட்ட பேச்சு. கிருமி இருந்த நோயாளி படுத்திருந்த அதே கட்டிலில் அரைகுறைத் துடைப்புக்குப் பிறகு படுப்பவருக்கு அதே கிருமி வருவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

கேள்வி: "கை கழுவிவிட்டு வாருங்கள்" என்று டாக்டரிடம் சொல்ல முடியுமா? கோபப்பட்டு, அப்பாவைச் சரியாகப் பார்க்காமல் போய்விட்டால்?

பதில்: இந்தக் கோபத்துக்கு வயது 180 ஆண்டுகளை நெருங்குகிறது. வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் இருந்தார். அங்கே இரண்டு பிரசவப் பிரிவுகள். மருத்துவச்சிகள் பார்த்த பிரிவைவிட, டாக்டர்களும் மாணவர்களும் பார்த்த பிரிவில் தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலால் பல மடங்கு அதிகமாக இறந்தார்கள். பிணப் பரிசோதனை அறையிலிருந்து நேரே பிரசவம் பார்க்க வரும் கைகள்தான் காரணம் என்று அவர் கண்டுகொண்டு, 1847 மே மாதத்தில் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் எல்லோரையும் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. சக மருத்துவர்களில் பலர் என்ன செய்தார்கள்? "எங்கள் கை அசுத்தம் என்கிறாயா?" என்று முறைத்துக்கொண்டார்கள்.

இன்றைய டாக்டர்களுக்கு இது தெரியும். தெரிந்தும் தவறுகிறார்கள் என்பதுதான் சிக்கல். ஜெனீவா பல்கலைக்கழக மருத்துவமனைகளில் டிடியே பிட்டே என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் ஒவ்வொரு கட்டிலருகிலும் ஆல்கஹால் கைத்திரவத்தை வைத்து, பெரிய முனைப்போடு 1990-களில் ஓர் இயக்கமே நடத்தினார்கள். தொற்று கணிசமாகக் குறைந்தது. அப்படி நடத்திய பிறகும் கை சுத்தம் செய்தது 48 சதவீதத்திலிருந்து 66 சதவீதத்துக்குத்தான் ஏறியது. அதாவது, முனைந்து நின்ற இடத்திலேயே மூன்றில் ஒரு முறை விடுபட்டது. நீங்கள் கேட்பதை அவமரியாதையாக நினைக்க இடமே இல்லை.

எப்படிக் கேட்பது என்பதில் கொஞ்சம் சாமர்த்தியம் வேண்டும். கட்டிலின் கால்மாட்டிலேயே கைத்திரவத்தைக் கண்ணில் படும்படி வையுங்கள். டாக்டர் வரும்போது முதலில் நீங்கள் எடுத்துக் கையில் தேய்த்துக்கொண்டு, "உங்களுக்கும் தரட்டுமா டாக்டர்?" என்று நீட்டுங்கள். இதற்குக் கோபப்பட்டவரை நான் பார்த்ததில்லை. வேறு வழி: "அப்பாவுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு, எங்களுக்குப் பயமாக இருக்கிறது" என்று பழியை உங்கள் பயத்தின் மேல் போட்டுவிடுங்கள்.

தேய்ப்பதையும் கவனியுங்கள். உள்ளங்கை நனைகிற அளவு எடுத்து, உலரும்வரை 20 முதல் 30 நொடிகள் தேய்க்க வேண்டும். எல்லோரும் உள்ளங்கைகளை மாறி மாறித் தேய்த்துவிட்டு முடித்துவிடுவார்கள். கட்டைவிரலும் விரல் நுனிகளும் விரல் இடுக்குகளும் அப்படியே இருக்கும். நோயாளியை முதலில் தொடுவதோ விரல் நுனிதான். மோதிரமும் கைக்கடிகாரமும் போட்டுக்கொண்டு தேய்ப்பவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பக்கம் போதாது.

கேள்வி: நான் செவிலியர் படிப்பு மாணவி. கையுறை போட்டிருக்கும்போது கையை ஏன் சுத்தம் செய்ய வேண்டும் சிஸ்டர்?

பதில்: கையுறையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கலாம். கழற்றும்போது வெளிப்புறம் உன் மணிக்கட்டில் படும். போடும் முன்னும் சுத்தம், கழற்றிய பின்னும் சுத்தம். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று: கையுறை உன்னைத்தான் காப்பாற்றுகிறது, நோயாளியை அன்று. ஒரே கையுறையோடு ஒரு நோயாளியின் கட்டைப் பிரித்து, டிராலியைத் தள்ளி, பேனாவை எடுத்து எழுதி, அடுத்தவரின் கேனுலாவைத் தொடுபவர்கள் உன் வார்டிலேயே இருப்பார்கள். வெறுங்கையாக இருந்தால் பிசுபிசுப்பு தெரிந்து கழுவியிருப்பார்கள். கையுறை அந்த உணர்வைப் பறித்துவிடுகிறது. அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளாதே.

கேள்வி: பக்கத்துக் கட்டில்காரருக்கு வயிற்றுப்போக்கு. சானிடைசர் போதும்தானே?

பதில்: போதாது. ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்களுக்கு வரும் கடும் வயிற்றுப்போக்குக்குக் காரணமான கிளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமி, தடித்த ஓடு கொண்ட வித்துகளாக மாறிக்கொள்ளும். ஆல்கஹால் அதை ஒன்றும் செய்யாது. சோப்பும் தண்ணீரும் போட்டு 40 முதல் 60 நொடிகள் கழுவினால் வித்துகள் கையைவிட்டு வழிந்து போகும். அவருக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று நர்ஸிடம் கேளுங்கள்.

கேள்வி: அடுத்த வாரம் எனக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை. வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு போய்விடலாம் என்று இருக்கிறேன். பாதுகாப்புக்குப் பத்து நாள் ஆன்டிபயாடிக்கும் எழுதி வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: பிளேடைக் கீழே வையுங்கள். சவரம் செய்யும்போது கண்ணுக்குத் தெரியாத நூறு கீறல்கள் விழும். ஒவ்வொன்றும் கிருமிக்குப் படுக்கை. முடி இடைஞ்சலாக இருந்தால் மட்டும் கத்தரிக்கும் கருவியால் அங்கே எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுவார்கள். முந்தின நாளோ அன்று காலையோ சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டுப் போங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அளவைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். புகைப்பவர் என்றால் இன்றோடு நிறுத்துங்கள். ஆறுவதற்கு ரத்த ஓட்டம் வேண்டும்.

ஆன்டிபயாடிக் தேவை என்று அறுவை நிபுணர் முடிவு செய்தால், கத்தி படுவதற்கு முன்பே, பெரும்பாலும் கடைசி ஒரு மணி நேரத்துக்குள், ஊசியாகப் போடுவார்கள். வெட்டும் நேரத்தில் அது திசுக்களில் நிறைந்திருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அறுவை முடிந்த பிறகும் தடுப்புக்காக நாள்கணக்கில் நீட்டிக்கொண்டு போக வேண்டாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பத்து நாள் மருந்தால் புண் காப்பாற்றப்படாது. உங்கள் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் மட்டும் மிஞ்சி வளரும். இலவசமாக வயிற்றுப்போக்கும் கிடைக்கலாம்.

வீட்டுக்கு வந்த பிறகும் கண் வைத்திருங்கள். தையலைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, சூடு, நாளுக்கு நாள் கூடும் வலி, சீழ், காய்ச்சல் எதுவானாலும் உடனே போக வேண்டும். அறுவைப் புண் தொற்றை 30 நாள் வரை கணக்கில் எடுப்போம். உள்ளே வலை போன்ற பொருள் பொருத்தியிருந்தால் 90 நாள் வரை. குடலிறக்கத்துக்குப் பெரும்பாலும் வலை வைப்பார்கள் என்பதால் உங்களுக்கு இரண்டாவது கணக்கு.

கேள்வி: மாமா ஐசியுவில் வென்டிலேட்டரில் இருக்கிறார். நாங்கள் வசதியாகப் படுக்கட்டும் என்று கட்டிலைத் தாழ்த்தச் சொன்னால் நர்ஸ் மறுக்கிறார். அவர் செய்வது சரியா?

பதில்: நூற்றுக்கு நூறு சரி. மல்லாக்கப் படுத்தால் வாயிலும் வயிற்றிலும் இருப்பது நுரையீரலுக்குள் வழியும். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைப்பது அதற்காகத்தான். வாயைச் சுத்தம் செய்வதும், தினமும் மயக்க மருந்தைக் குறைத்து அவரே மூச்சுவிடுகிறாரா என்று பார்ப்பதும் இதே சண்டையின் பகுதிகள். தொண்டையில் போட்ட வென்டிலேட்டர் குழாயைச் சீக்கிரம் எடுப்பதுதான் நிமோனியா என்ற நுரையீரல் தொற்றுக்குச் சிறந்த தடுப்பு. அந்த நர்ஸிடம் ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வசவுதான் அதிகம் கிடைக்கும்.

கேள்வி: உடன் இருப்பவர்களால்தான் தொற்று பரவுகிறது என்று எங்களை வார்டிலிருந்து துரத்துகிறார்கள். அம்மாவுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூட ஆள் வேண்டாமா?

பதில்: வேண்டும். பல இடங்களில் பாதி வேலையை நீங்கள்தான் செய்கிறீர்கள், அதனால் பாதி விதிகளும் உங்களுக்குப் பொருந்தும். ஒரே சமயத்தில் ஒருவர் இருங்கள். இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் அன்று வேறு யாரையாவது அனுப்புங்கள். கட்டிலின் மேல் உட்காராதீர்கள். கட்டைப் பிரித்துப் பார்க்காதீர்கள், சொட்டு மருந்தின் வேகத்தைத் திருகாதீர்கள்.

நல்ல மனசுக்காரர்களிடம்தான் எனக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்துக் கட்டிலில் துணைக்கு ஆளில்லாத பாட்டியைத் திருப்பிப் படுக்க வைப்பீர்கள், பெட்பேன் எடுத்துக் கொடுப்பீர்கள், அதே கையோடு வந்து உங்கள் அம்மாவின் தலையணையைச் சரி செய்வீர்கள். உதவியை நிறுத்த வேண்டாம். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும் அந்த நான்கு அடிக்கு நடுவில் கையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: "எங்கள் மருத்துவமனையில் தொற்றே கிடையாது" என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். நம்பலாமா?

பதில்: எண்ணாதவனுக்குப் பூஜ்யம்தான் வரும். அமெரிக்காவில் 1970-களில் நடந்து 1985-இல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வு, தொற்றை முறையாகக் கண்காணித்து, அதற்கென்று பயிற்சி பெற்ற செவிலியரையும் மருத்துவரையும் வைத்து, கிடைத்த கணக்கை அறுவை நிபுணர்களிடமே திருப்பிச் சொன்ன மருத்துவமனைகளில் தொற்று சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. அங்கே தொற்று இல்லாமல் போய்விடவில்லை. இருக்கிறது என்று எழுதி வைத்ததால்தான் குறைந்தது.

விளம்பரத்தில் உள்ள எண்ணைவிட, எப்படி எண்ணுகிறார்கள் என்று கேளுங்கள். ஆயிரம் குழாய் நாள்களுக்கு எத்தனை தொற்று என்பதுதான் எங்கள் தொழிலின் அளவுகோல். பத்து நோயாளிகளுக்கு ஆளுக்கு ஐந்து நாள் குழாய் இருந்தால் ஐம்பது குழாய் நாள்கள். இந்தக் கணக்கை உடனே எடுத்துச் சொல்லக்கூடிய மருத்துவமனையில், எண் கொஞ்சம் அதிகமாக இருந்தாலும், நான் தைரியமாகப் படுப்பேன். மிச்சிகன் மாநில ஐசியுக்களில் ஐந்தே அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலை வைத்து ரத்த நாளத்தில் போடும் குழாயால் வரும் தொற்றைக் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு குறைத்தார்கள். 2006-இல் அது வெளியானது. கை சுத்தம், குழாய் போடும்போது முழு உடல் மறைப்பு (கிருமி நீக்கிய அங்கியும் விரிப்பும்), குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கொண்டு தோல் சுத்தம், தொடை இடுக்கில் குழாய் போடுவதைத் தவிர்த்தல், தேவையில்லாத குழாயை எடுத்தல். இதில் புதிய கண்டுபிடிப்பு ஒன்றுகூட இல்லை. ஒரு படி தவறினால் நர்ஸ் டாக்டரை நிறுத்தலாம் என்ற அதிகாரம்தான் புதிது.

கேள்வி: நான் மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர். குப்பைப் பையைத் தூக்கும்போது உள்ளே கிடந்த ஊசி விரலில் குத்திவிட்டது. மேற்பார்வையாளரிடம் சொன்னால் திட்டுவார் என்று சொல்லவில்லை. என்ன செய்வது?

பதில்: இந்தக் கடிதத்துக்கு மட்டும் இதழுக்குக் காத்திருக்காமல் அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

குத்திய இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். அழுத்திப் பிழிய வேண்டாம், வாயில் வைத்து உறிஞ்ச வேண்டாம், ஸ்பிரிட்டோ பிளீச்சோ ஊற்ற வேண்டாம். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். திட்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம். எச்ஐவி தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பயனில்லை. நோயாளிக்கு எச்ஐவி இருந்தாலும் ஓர் ஊசிக் குத்தில் அது தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்றுதான், அதனால் பதற வேண்டாம். ஹெபடைடிஸ் பி-தான் அதிகம் பயப்பட வேண்டியது: தடுப்பூசி போடாதவருக்கு 30 சதவீதம் வரை போகலாம். மூன்று தவணைத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா, எதிர்ப்புச் சக்தி வந்ததா என்று பார்ப்பார்கள். போடவில்லை என்றால் அன்றே முதல் தவணை போடலாம்.

நடந்ததைப் பதிவேட்டில் தேதி, நேரம், இடத்தோடு எழுத வையுங்கள். ஊசி போக வேண்டியது துளையாத பெட்டிக்குள். அதைப் பையில் போட்டவர்தான் திட்டு வாங்க வேண்டியவர். எந்த வார்டின் பை என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.